ஒளிந்திருக்கும் கடைசி எழுத்து: தொடக்க வகுப்புத் தமிழ்ப் பாடநூல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பாடநூல் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். 2021-இல், பள்ளி முடிந்த பிறகு பிள்ளைகளுக்குத் தன்னார்வலர்கள் பாடம் சொல்லித்தரும் தமிழ்நாடு அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியபோது அதில் சேர்ந்தவள் நான். அன்றிலிருந்து சாயங்காலம் ஆனால் எங்கள் வீட்டுத் திண்ணையில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். முக்கால்வாசிப் பேர் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர்கள். அவர்களுடைய நோட்டுகளைப் பார்த்துப் பார்த்து மனதில் சேர்ந்த ஒரு விஷயத்தை உங்களிடம் சொல்ல வேண்டும்.

இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி 'அக்கா பூ பறிச்சா' என்று எழுதியிருந்தாள். பள்ளியில் அதைச் சிவப்பு மையால் அடித்து, 'பறித்தாள்' என்று பத்து முறை எழுதச் சொல்லியிருந்தார்கள். பத்து முறையும் அழகாக எழுதியிருந்தாள். அடுத்த வாரம் அதே நோட்டில் 'பாட்டி கதை சொன்னான்' என்று இருந்தது. கடைசியில் புள்ளி வைத்த எழுத்து ஒன்று வர வேண்டும் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. எந்த எழுத்து என்பதுதான் தெரியவில்லை.

நான் பேனாவை எடுக்கவில்லை. "பாட்டி கதை சொன்னானா, சொன்னாளா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டாள். "சொன்னாளாதான் டீச்சர்!" "அப்போ கடைசியில ஒளிஞ்சிருக்கிற எழுத்து எது?" வாய்க்குள்ளேயே இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அப்புறம் ரப்பரைத் தேடினாள்.

பிள்ளைகள் கவனக்குறைவால் கடைசி எழுத்தை விடுகிறார்கள் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அவர்கள் காதால் கேட்டதை அப்படியே எழுதுகிறார்கள். பேச்சில் 'வந்தாள்' என்பது 'வந்தா' ஆகிவிடுகிறது. 'வந்தான்', 'வந்தேன்', 'மரம்' ஆகியவற்றின் கடைசி எழுத்து மூக்கோடு கரைந்துவிடுகிறது. காதில் விழாத எழுத்தைக் கை எப்படி எழுதும்?

ஆனால் அந்த எழுத்து எங்கேயும் தொலைந்து போகவில்லை. பின்னால் ஓர் உயிரெழுத்து வந்து ஒட்டினால் உடனே வெளியே வந்துவிடுகிறது. வந்தாளா? வந்தானா? வந்தேனா? வந்தோமா? மரமா? பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத பிள்ளைகூட இதில் தவறு செய்யாது. 'வந்தாங்க' என்று எழுதுகிற பிள்ளையிடம் 'வந்தாங்களா?' என்று கேட்டுப் பாருங்கள். 'வந்தார்கள்' என்பதன் கடைசி 'ள்' அங்கே தயாராக நிற்கும். இந்த 'ஆ' கேள்வி ஒன்றை மட்டும் இரண்டாம் வகுப்புப் பயிற்சி ஏட்டில் சேருங்கள். இதற்காகத்தான் முதன்மையாக இந்த மடல்.

பெயர்ச்சொற்களில் வீட்டுப் பேச்சு இன்னும் அதிகமாகக் கைகொடுக்கும். பிள்ளைகள் 'காலு', 'நாளு', 'தேளு', 'கல்லு', 'முள்ளு' என்றுதான் பேசுகிறார்கள். "காலு இல்ல, கால்னு சொல்லு" என்று நாம் அவசரமாகத் திருத்துகிறோம். கொஞ்சம் பொறுத்தால், அந்த 'லு'விலும் 'ளு'விலும்தான் 'ல்' போடுவதா 'ள்' போடுவதா என்பதற்கு விடை இருக்கிறது. "நீ சொன்னது சரி, எழுதும்போது மட்டும் அந்த உகரத்தை எடுத்துவிட்டுப் புள்ளி வை" என்றால் போதும். தன் வீட்டுப் பேச்சு தப்பு என்ற எண்ணம் ஏழு வயதில் மனதில் விழுந்துவிட்டால், அந்தப் பிள்ளை வகுப்பில் வாயைத் திறப்பதையே குறைத்துக்கொள்கிறது. எனக்கு அதுதான் எழுத்துப்பிழையைவிடப் பெரிய கவலை.

வினைமுற்றுக்கு இன்னொரு எளிய வழியும் இருக்கிறது. அவன் வந்தான், அவள் வந்தாள், அவர் வந்தார், அவர்கள் வந்தார்கள், நான் வந்தேன், நாம் வந்தோம், அது வந்தது. முதல் சொல்லின் வால் எதுவோ அதுவே இரண்டாவது சொல்லின் வால். இதைக் கரும்பலகையில் எழுதி, கடைசி எழுத்துகளை மட்டும் கலர் சாக்பீஸால் வட்டமிடச் சொன்னபோது, மூன்றாவது வரியிலேயே பிள்ளைகள் கண்டுபிடித்துக் கத்திவிட்டார்கள். 'நாங்கள் வந்தோம்', 'நீ வந்தாய்', 'அவை வந்தன' ஆகியவை இதற்குள் அடங்காது. அவற்றைத் தனியாக, மெதுவாகச் சொல்லிக்கொடுக்கலாம்.

மூன்று 'ன'கரம், இரண்டு 'ர'கரம் என்று பிள்ளைகள் மிரளும் இடத்திலும் கடைசி எழுத்து நமக்குச் சாதகம்தான். சொல்லின் ஈற்றில் வரும் எழுத்துகளை நன்னூல் 24 என்று எண்ணிவைத்திருக்கிறது. அதில் 'ற்' கிடையாது. ஆகவே கடைசியில் என்றைக்கும் 'ர்' தான். 'ந்' அந்தப் பட்டியலில் உண்டு என்றாலும், அதில் முடியும் சொற்கள் எந்தக் குழந்தையின் வாயிலும் வராதவை. பெரிய வகுப்பில் மனப்பாடம் செய்ய வைக்கும் இலக்கணத்தில், சின்ன வகுப்புக்கு உதவுகிற இந்த ஒரு துளியை முன்னாலேயே கொடுத்துவிடலாமே.

எல்லாவற்றுக்கும் இது மருந்தாகாது, அதையும் சொல்லிவிடுகிறேன். பழத்தைப் 'பளம்' என்று சொல்லும் வீட்டுப் பிள்ளைக்குக் 'கூழ்' என்பது 'கூளு'தான். எந்தக் கேள்வி கேட்டாலும் 'ழ்' வெளியே வராது. 'தூண்', 'மீன்' இரண்டையும் ஒரே மாதிரி ஒலிக்கும் பிள்ளைகளும் நிறைய. அங்கே காதை நம்ப முடியாது, கண்தான் பழக வேண்டும். அந்தச் சொற்களைப் பட அட்டைகளில் திரும்பத் திரும்பக் காட்டுங்கள். பன்மையில் வரும் 'கற்கள்', 'முட்கள்', 'பசுக்கள்' போன்றவற்றுக்கும் அவசரம் வேண்டாம். 'வாழ்த்துகள்' சரியா 'வாழ்த்துக்கள்' சரியா என்று பெரியவர்களே இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறோம். அதற்காக ஏழு வயதுப் பிள்ளையிடம் மதிப்பெண்ணைப் பிடுங்குவது நியாயமில்லை.

எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-இல் வந்த பிறகு பாட்டும் விளையாட்டுமாகக் கற்பிக்க வகுப்பறையில் இடம் கிடைத்திருக்கிறது. இந்த 'ஆ' கேள்வி விளையாட்டுக்கு அட்டை, பொம்மை எதுவும் தேவையில்லை, ஐந்து நிமிடம் போதும். சொல்வதை எழுதும் பயிற்சிக்கு முன்னால் அந்த ஐந்து நிமிடத்தை ஒதுக்கும்படி ஆசிரியர் கையேட்டில் எழுதுங்கள். 'பத்து முறை எழுது' என்பதற்குப் பதிலாக, 'கேட்டுப் பார், பிறகு எழுது' என்று பயிற்சி ஏட்டில் போடுங்கள்.

என் பிள்ளைகளின் பழைய நோட்டுகளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். அடித்த இடம், அழித்த இடம், திரும்ப எழுதிய இடம் எல்லாம் அப்படியே இருக்கின்றன. பெயர்களை மறைத்து, கேட்டால் அனுப்பிவைக்கிறேன்.

அன்புடன்,
திண்ணையில் பாடம் சொல்லும் ஒரு தன்னார்வலர்