தொழிற்சங்க நோட்டீஸ் எழுதும் அண்ணன்மாருக்கு

அன்புள்ள அண்ணன்மாரே,

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துப் பாடசாலையொன்றில் தரம் பத்துக்குத் தமிழ் படிப்பிக்கிறேன். தேயிலைத் தோட்டத்தில் காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்களத்தில் நீங்கள் கொடுத்துவிட்டுப் போகும் நோட்டீஸ்கள், பிள்ளைகளின் கொப்பிகளுக்கு உறையாகி எங்கள் வகுப்புக்கு வந்துவிடுகின்றன. போன மாதம் அப்படி ஒன்றைக் கழற்றிப் பாடமாகவே நடத்தினேன். 2024ஆம் ஆண்டு நோட்டீஸ் அது.

ஒருவரை இணங்கவைக்க மூன்று வழி என்றார் அரிஸ்டாட்டில்: பேசுபவர்மேல் நம்பிக்கை, கேட்பவரின் உணர்ச்சி, சொல்லும் விஷயத்தின் நியாயம். பிள்ளைகள் அதை 'ஆள், நெஞ்சு, கணக்கு' என்று சுருக்கிவிட்டார்கள். சரி என்று மூன்று நிறப் பென்சிலோடு உட்கார்ந்தோம்.

ஆளுக்கு நீலம். தலைவரின் படம், அவர் தோட்டத்து லயன் வீட்டில் பிறந்த கதை, அவ்வளவுதான்.

நெஞ்சுக்குச் சிவப்பு. பக்கமே சிவந்துபோனது. தொல்காப்பியம் சொல்லும் எட்டு மெய்ப்பாட்டில் அழுகை, அச்சம், வெகுளி, பெருமிதம் நான்கும் ஒரே பத்தியில் கிடைத்தன. இதைக் குறையாகச் சொல்லவில்லை. 1948இல் நம் மலையக மக்களின் குடியுரிமை பறிபோன கதையை உணர்ச்சியில்லாமல் எழுத யாரால் முடியும்?

கணக்குக்குப் பச்சை. அது ஒரே இடத்தில்தான் பட்டது: தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,700 ரூபா. அந்த ஆண்டு வர்த்தமானியில் அடிப்படைச் சம்பளம் 1,350, விசேட கொடுப்பனவு 350 என்று பிரித்துத்தான் இருந்தது. நீங்கள் கூட்டுத்தொகையை மட்டும் கொட்டை எழுத்தில் போட்டீர்கள். ஓய்வுக்காலத்துக்குச் சேரும் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் பங்கு சம்பளத்தில் 8 சதவீதம், கம்பனியின் பங்கு 12. முழுத் தொகைக்கும் என்றால் நாளுக்கு 340 ரூபா சேரும்; அடிப்படைக்கு மட்டும் என்றால் 270. எது என்று நோட்டீஸில் இல்லை. பின்வரிசைப் பிள்ளை ஒருத்தி, "டீச்சர், அந்தச் சம்பளத்துக்கு எத்தன கிலோ கொழுந்து பறிக்கணும்னும் போடலையே" என்றாள். அவளுடைய அம்மா, கொழுந்து குறைந்த நாட்களில் அரைப்பேரோடு, அதாவது பாதிநாள் சம்பளத்தோடு, வீடு திரும்புகிறவர். எனக்கு அந்தக் கேள்வி தோன்றவே இல்லை.

என்னை உறுத்தியது வேறொன்று, உங்கள் வினைச்சொற்கள். நல்லது நடந்த இடமெல்லாம் 'பெற்றுக்கொடுத்தோம்'. கைநழுவிய இடமெல்லாம் 'தடுக்கப்பட்டது', 'இழுத்தடிக்கப்பட்டது'. தடுத்தது யார்? கம்பனியா, அரசாங்கமா, பேச்சுவார்த்தை மேசையில் இருந்த நீங்களேயா? செயப்பாட்டுவினை என்றாலே கொட்டாவி விடும் வகுப்பு, அன்று எழுவாயைத் தேடி மணியடித்த பிறகும் சண்டை போட்டது.

அந்த ஆண்டு செப்டெம்பரில் நாட்சம்பளம் என்று முடிவானது 1,350தான், நீங்கள் கொட்டை எழுத்தில் போட்ட 1,700 அல்ல. அந்த உறைக்குள் இருந்த கொப்பி கணக்குக் கொப்பி என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

இப்போது 1,750 என்கிறார்கள். அதில் 1,550 சம்பளம், 200 அரசு தரும் வருகைக் கொடுப்பனவு. இதையாவது பிரித்து எழுதுங்கள். எத்தனை கிலோ, மாதத்தில் எத்தனை நாள் வேலை, எந்தப் பணத்தை யார் தருகிறார்கள் என்று முதல் பக்கத்திலேயே போடுங்கள். தலைவர் படத்தின் அளவுக்கு இடம் வேண்டாம், அதில் பாதி போதும்.

இப்படிக்கு,
தரம் பத்துத் தமிழ் டீச்சர்