1967-ஆம் ஆண்டின் நோட்டுகள் குறித்து எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பழைய நோட்டுகளையும் நாணயங்களையும் வாங்கி விற்கும் எங்கள் சிங்கப்பூர்க் கடைக்கு, வீட்டுப் பெரியவர்கள் விட்டுச்சென்ற பெட்டிகளில் கிடைத்த நோட்டுகளைப் பலர் எடுத்து வருகிறீர்கள். தஞ்சாவூர், நாகப்பட்டினம், இராமநாதபுரம் பக்கத்து வீடுகளிலிருந்து வந்தவையும் அவற்றில் உண்டு. உழவர் படம் போட்டது ஒன்று, ஆர்க்கிட் மலர் போட்டது மற்றொன்று. இரண்டும் பத்து வெள்ளி (டாலர்) நோட்டுகள், இரண்டும் ஏறக்குறைய ஒரே காலத்தவை. அப்படியிருக்க ஒன்று மட்டும் இன்றும் செல்லுபடியாவதும் மற்றொன்று செல்லாததும் எதனால் என்று கேட்கிறீர்கள். கடையில் நின்றபடி இரண்டு வாக்கியங்களில் சொல்லி முடிக்கக்கூடிய விடை அன்று என்பதால் எழுத்தில் தருகிறோம்.

எருமை பூட்டி உழும் உழவர் படம் கொண்ட 1961-ஆம் ஆண்டுப் பத்து வெள்ளியும், பாய்மரப் படகு கொண்ட 1959-ஆம் ஆண்டு ஒரு வெள்ளியும், அரசியாரின் படம் பொறித்த 1953-ஆம் ஆண்டு நோட்டுகளும் மலாயா, பிரிட்டிஷ் போர்னியோ நாணய ஆணையர் வாரியம் வெளியிட்டவை. அந்த வாரியம் வெளியிட்ட நோட்டுகளுக்கு ஈடான கையிருப்பு லண்டனில் ஸ்டெர்லிங்காக, அதாவது பிரிட்டிஷ் பவுண்டாக இருந்தது. ஒரு வெள்ளிக்கு இரண்டு ஷில்லிங் நான்கு பென்ஸ், அதாவது ஒரு பவுண்டுக்கு 8.57 வெள்ளி என்பது குடியேற்றக் காலத்திலிருந்து வந்த கணக்கு. 1965 ஆகஸ்ட் 9-ஆம் நாள் சிங்கப்பூர் தனிநாடான பிறகும் இதே நோட்டுகளே புழங்கின. மலேசியாவுடன் பொது நாணயத்தைத் தொடர்வது பற்றி நடந்த பேச்சு 1966-இல் முறிந்ததால், இரு நாடுகளும் தத்தம் நாணயத்தை வெளியிட முடிவு செய்தன.

1967 ஜூன் 12, திங்கட்கிழமை, சிங்கப்பூரின் ஆர்க்கிட் மலர் நோட்டுகள் வெளிவந்தன. ஒரு வெள்ளியின் பின்புறத்தில் தாங்ளின் ஹால்ட் அடுக்குமாடி வீடுகள் இருக்கும். பத்து வெள்ளியின் பின்புறத்தில், தீவின் வரைபடத்தின்மேல் ஒன்றையொன்று பற்றிய நான்கு கைகள் இருக்கும். எங்கள் பார்வையில் அந்த வரிசையிலேயே பொருள் செறிந்த வடிவமைப்பு இதுதான். அதே நாளில் மலேசியாவும் புருணையும் தத்தம் நோட்டுகளை வெளியிட்டன. மூன்று நாணயங்களும் ஒன்றுக்கு ஒன்று என்ற மதிப்பில் மாற்றிக்கொள்ளத்தக்கவை என்று உடன்பாடு செய்யப்பட்டது. (மலேசியா 1973-இல் விலகியது. புருணையுடன் அது இன்றும் நடப்பில் உள்ளது.) பழைய நோட்டுகளும் புதியவற்றுக்குச் சமமாகவே புழங்கும் என்று அறிவிக்கப்பட்டிருந்தபடியால், அவற்றை அவசரமாக மாற்ற வேண்டிய காரணம் எவருக்கும் தென்படவில்லை.

அந்த ஆண்டில் நாட்டின் கவனமும் வேறு பல திசைகளில் சென்றது. ஜூலையில் பிரிட்டன் தன் படைகளை விலக்கிக்கொள்ளும் திட்டத்தை வெளியிட்டது. செம்பவாங் கடற்படைத்தளத்தில் வேலை பார்த்த எண்ணற்ற இந்தியக் குடும்பங்களுக்கு அது வாழ்வாதாரம் பற்றிய செய்தி. ஆகஸ்ட் 8-ஆம் நாள், யாழ்ப்பாணத்தின் வட்டுக்கோட்டையில் பிறந்த வெளியுறவு அமைச்சர் சி. ராஜரத்தினம், பாங்காக்கில் தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானின் பிரகடனத்தில் சிங்கப்பூர் சார்பில் கையெழுத்திட்டார். அதே மாதத்தில் கட்டாயப் படைப்பணியான தேசிய சேவைக்கு முதல் தொகுதி இளைஞர்கள் சேர்ந்தனர்.

நவம்பர் 18-ஆம் நாள் இரவு, பிரிட்டன் பவுண்டின் மதிப்பை 2.80 அமெரிக்க டாலரிலிருந்து 2.40 ஆகக் குறைத்தது. நமக்கு அது ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. புதிய வெள்ளியின் மதிப்பு தங்கத்தின் எடையில் வரையறுக்கப்பட்டிருந்தது. பவுண்டைப் பின்தொடர்ந்து அதைக் குறைப்பதில்லை என்று சிங்கப்பூரும் மலேசியாவும் முடிவெடுத்தன. பழைய நோட்டோ ஸ்டெர்லிங்கோடு கட்டுண்டிருந்ததால் அதனுடனேயே சரிந்தது. ஒரு பவுண்டுக்குப் புதிய வெள்ளி ஏறத்தாழ 7.35 என்றும் பழைய வெள்ளி 8.57 என்றும் ஆனபோது, பழைய ஒரு வெள்ளி புதிய 85 காசுக்குச் சமமாயிற்று.

உணவுப் பொருளில் பெரும்பகுதியை வெளியிலிருந்து வாங்கும் நாடு தன் நாணயத்தைக் குறைக்காமல் காத்தது சரியான முடிவே என்று நாங்கள் கருதுகிறோம். ஆயினும் இழப்பு போய்ச் சேர்ந்த இடம் நியாயமானதன்று. மதிப்புக் குறைப்புக்கு முந்தைய அந்த ஐந்து மாதத்திற்குள் நோட்டை மாற்றிக்கொண்டவர்களுக்கு ஒரு காசும் குறையவில்லை. சமமதிப்பு என்ற சொல்லை நம்பி வீட்டிலேயே சேமித்து வைத்திருந்த கூலித் தொழிலாளர்களும் சிறுகடைக்காரர்களும் ஒவ்வொரு நூறு வெள்ளிக்கும் பதினைந்து வெள்ளியை இழந்தார்கள். இதை எதிர்த்து மலேசியாவின் பினாங்கில் நவம்பர் 24-ஆம் நாள் தொடங்கிய ஹர்த்தால் (கடையடைப்பு) கலவரமாக மாறி உயிர்களைப் பறித்தது. நீங்கள் கொண்டுவரும் கட்டுகளில் உழவர் படம் போட்ட பத்து வெள்ளிகள் மாற்றப்படாமலே இருப்பதைக் காணும்போது, அவற்றை வைத்திருந்தவர் ஊருக்குப் போயிருந்தாரோ, செய்தி எட்டவில்லையோ என்று எங்களுக்குத் தோன்றுவதுண்டு.

பழைய நோட்டுகள் 1969-இல் செல்லாதவையாக அறிவிக்கப்பட்டன. எனவே அவற்றுக்குச் சேகரிப்பாளர் தரும் விலை மட்டுமே உண்டு. ஆர்க்கிட் நோட்டுகள் இன்றும் முகமதிப்புக்குச் செல்லும். ஆகையால் கிழிந்த ஆர்க்கிட் நோட்டுக்கும் முகமதிப்பைவிடக் குறைவாக எவர் கேட்டாலும் கொடுத்துவிடாதீர்கள். ஆர்க்கிட் வரிசைக்குள்ளும் விலை மாறுபடும். அதற்குக் கையெழுத்தும் ஒரு காரணம். முதலில் வந்தவற்றில் அப்போதைய நிதியமைச்சர் லிம் கிம் சானின் கையெழுத்தும், அடுத்து கோ கெங் சுவீயின் கையெழுத்தும், பின்னர் ஹொன் சுய் சென்னின் கையெழுத்தும் இருக்கும். விலை சொல்லும் முன் நாங்கள் கையெழுத்து, சிவப்பு முத்திரை, தாளின் நிலை ஆகிய மூன்றையும் உங்கள் கண்முன்னே பார்த்துச் சொல்வோம்.

நோட்டுகளைத் தேய்த்து மடிப்பு எடுப்பதையும், ஒட்டுநாடா போடுவதையும், பிளாஸ்டிக்கில் வைத்துச் சூடேற்றி ஒட்டுவதையும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். பெட்டியில் இருந்த நிலையிலேயே, இரண்டு வெள்ளைத்தாள்களுக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்தால் போதும்.

இப்படிக்கு,
கடை நிர்வாகத்தினர்