முழுநைட் வாரத்தில் எழுதுவது

சிங்காநல்லூர், கோவை,
புதன், மதியம் 3 மணி

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. இந்த வாரம் எனக்கு முழுநைட். நடுராத்திரி 12 மணிக்கு உள்ளே போனால் காலை 8 மணிக்கு வெளியே. இப்போதுதான் எழுந்து கிரைண்டரில் உளுந்தைப் போட்டேன். இடையிடையே போய்த் தண்ணீர் தெளித்துவிட்டு வந்து எழுதுகிறேன், கையெழுத்து கோணினால் கோபித்துக்கொள்ளாதே.

ஒரகடம் கம்பெனியில் உன்னை ஸ்டோரிலிருந்து எடுத்து ஷிஃப்டில் போட்டுவிட்டார்கள் என்று படித்ததும் முதலில் சிரிப்புதான் வந்தது. "எங்கப்பா மாதிரி ராத்திரி வேலைக்கு மட்டும் போகமாட்டேன்" என்று சொல்லிச் சொல்லியே டிப்ளமோ படித்தவன் நீ. 47 வயதில் அது உன்னைத் தேடி வந்திருக்கிறது. ஆனால் பகலில் தூக்கமே வரவில்லை, வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுகிறேன் என்று எழுதியிருந்தாயே, அங்கே சிரிப்பு போய்விட்டது.

தூக்கத்துக்கு எனக்குத் தெரிந்த வைத்தியம் கொஞ்சம்தான். விடியற்காலை 3 மணிக்கு மேல் டீயைத் தொடாதே. டீ, காபியில் இருக்கிற காஃபின் பாதி இறங்கவே ஐந்து மணி நேரம் ஆகும் என்று எங்கள் மில் டாக்டர் சொன்னார். 4 மணிக்கு ஒரு டம்ளர் குடித்தால், 9 மணிக்கு நீ பாதி டம்ளரோடு படுக்கப் போகிறாய். வெளியே வரும்போது கூலிங் கிளாஸ் போட்டுக்கொள். காலை வெயில் கண்ணில் பட்டால் உடம்பு விடிந்துவிட்டது என்று முடிவு கட்டிவிடும். நான் போட்டபோது கேட்டில் எல்லோரும் விசிலடித்தார்கள், இப்போது அவர்களில் மூன்று பேர் போடுகிறார்கள். ஜன்னலுக்குப் பழைய கம்பளியை ஆணியடித்துவிடு. நைட் முடிந்து பைக்கில் வராதே, கம்பெனி பஸ்ஸில் வா. இதை மட்டும் கெஞ்சியே சொல்கிறேன்.

சரி, தூக்கம் எப்படியோ பழகிவிடும். வீட்டைப் பழக்குவதுதான் பாடு. அதிலும் நம் அப்பாக்களுக்கு இருந்த ஒரு வசதி நமக்கு இல்லை.

யோசித்துப் பார். 1932இல் பைக்காரா கரண்ட் வந்ததும் மில் மேல் மில்லாக முளைத்த ஊர் இது. நாம் வளர்ந்த மில் லைன் வீடுகளில் ஷிஃப்டுக்குப் போகாத வீடே கிடையாது. மில் சங்கு ஊதினால் ஒரு பக்கம் ஆட்கள் வருவார்கள், இன்னொரு பக்கம் நாம் தூக்குப்போசியோடு ஓடுவோம். உங்கம்மா உலக்கையை எடுப்பதற்கு முன்னால் சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்து, "இந்த வாரம் உங்க வீட்டுல என்ன ஷிஃப்டுங்க?" என்று கேட்பாரே, ஞாபகம் இருக்கிறதா? "முழுநைட்டுங்க" என்று பதில் வந்தால் உலக்கை சாயங்காலம் வரை மூலையில் நிற்கும். நம்மைக் குளத்துப் பக்கம் விளையாட விரட்டிவிடுவார்கள். தெருவே சேர்ந்து தூங்க வைத்தது நம் அப்பாக்களை.

இப்போது அந்த மில்களில் பாதி இல்லை. எங்கள் தெருவில் ஷிஃப்டுக்குப் போவது நான் ஒருவன்தான். போன ஆடியில் மாரியம்மன் கோயில் குழாய் ஸ்பீக்கரை என் படுக்கையறைக்கு நேரே இருக்கிற கம்பத்தில் கட்டிவிட்டார்கள். காலை 10 மணிக்கு லுங்கியோடு போய்க் கத்தினேன். அந்தப் பையன் உண்மையாகவே புரியாமல், "பகல்ல யாருங்ணா தூங்குவாங்க?" என்று கேட்டான். அவனுக்கு மில் தெரியாது, முழுநைட் தெரியாது. அடுத்த நாள் நிதானமாகப் போய்ச் சொன்னேன். ஸ்பீக்கர் வாயை ரோட்டுப் பக்கம் திருப்பிக் கட்டினான். கூழும் கொண்டுவந்து கொடுத்தான்.

அதனால்தான் சொல்கிறேன், உன் அப்பார்ட்மெண்டில் எதிர் வீட்டுக் கதவைத் தட்டி உன் ஷிஃப்டைச் சொல்லிவிடு. கூச்சப்படாதே. நான் பக்கத்து வீட்டு அக்காவிடம் காலி சிலிண்டரையும் பணத்தையும் கொடுத்து வைத்துவிடுவேன். கேஸ்காரர் 11 மணிக்கு வந்து என் பெல்லை அடிப்பதில்லை. பதிலுக்கு, எட்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் விடும்போது, மதியத்தில் விட்டால் அவர் வீட்டுக் குடத்தையும் நான்தான் நிரப்புகிறேன்.

வீட்டுக்குள் எல்லாம் சமையலறைக் காலண்டர்தான். மாசம் பிறந்ததும் பென்சிலால் வாரா வாரம் ப, அ, மு என்று எழுதிவிடுவோம். பகல், அரைநைட், முழுநைட். 'மு' வாரத்தில் மாவு, ரேஷன், பேங்க் எல்லாம் என் தலையில். இப்போது ஆட்டி வைத்தால் நாளைக் காலை நான் வரும்போது மாவு பொங்கியிருக்கும், சுடச்சுட இட்லி. மார்கழிக் குளிரில்தான் பொங்காமல் காலை வாரும். 'ப' வாரத்தில் மட்டும் விருந்து, விசேஷம். என் வீட்டுக்காரி, அதான் உன் தங்கச்சி, அவள் பிறந்த வீட்டார் சீர்த் தேதி குறிக்கும்போதே போன் செய்து "மாப்பிள்ளைக்கு என்ன எழுத்து?" என்று கேட்கிறார்கள்.

'அ' வாரம்தான் கஷ்டம். 4 மணி ஷிஃப்டுக்கு மூன்றரைக்கே கிளம்பவேண்டும், சின்னவள் ஸ்கூலிலிருந்து வருவது நாலேகாலுக்கு. திரும்பி வரும்போது பன்னிரண்டரை, தூங்கிவிடுவாள். காலையில் அவள் கிளம்பும் அவசரத்தில் என்ன பேச்சு? போன வருஷம் ஒரு நாள் காலண்டரில் 'அ'வுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில், "அப்பா, டைரியில் கையெழுத்து. டிவி மேல் இருக்கு" என்று எழுதியிருந்தாள். போட்டுவிட்டுப் பக்கத்தில் ஒரு பூனை வரைந்தேன். மறுநாள் ராத்திரி பூனைக்கு மீசை முளைத்திருந்தது. அப்புறம் ஒவ்வொரு அரைநைட் வாரமும் இதே வேலைதான். அந்தத் தாள்களை உன் தங்கச்சி கிழித்துப் போடாமல் பீரோவில் வைத்திருக்கிறாள்.

எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று நினைக்காதே. போன மாசம் நைட் முடிந்து வந்து, பாலை அடுப்பில் வைத்துவிட்டு இரண்டு நிமிஷம் என்று சுவரில் சாய்ந்தேன். புகை நெடிக்கு அக்கா வந்து கதவை இடித்தபோது பாத்திரம் கரியாகிக் கிடந்தது. அன்றிலிருந்து 'மு' வாரத்தில் தூங்கி எழும்வரை எனக்கு அடுப்பு தடை.

அப்பா சுகம். ரிட்டயர் ஆகி 20 வருஷம் ஆகிறது, ஆனால் வாரத்தில் ஒரு நாளாவது ராத்திரி 11 மணிக்கு எழுந்து சட்டையைத் தேடுகிறார். "சங்கு ஊதிருச்சா?" என்று கேட்டால், "இன்னும் இல்லீங்கப்பா" என்று சொல்லிப் படுக்க வைக்கிறேன். அதன்பிறகு நான் கிளம்புகிறேன்.

உன் ஷிஃப்ட் அட்டவணையில் எனக்கும் ஒரு நகல் அனுப்பு. எந்த நேரத்தில் போன் செய்யலாம் என்று தெரியவேண்டும்.

கிரைண்டர் சத்தம் மாறிவிட்டது, கரகரப்பு போய் தொப் தொப் என்கிறது. ஒரு சொட்டுத் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன், மிதக்கிறது. வழித்துவிட்டு அரிசியைப் போடணும்.

உன்
மச்சான்