கார்ப்பெற்றைக் கிளப்பிப் பாத்திட்டு வைனில் வாங்குங்கோ

ஆசிரியருக்கு வணக்கம்,

உங்கட பேப்பரில கிழமைக்குக் கிழமை வீட்டுத் தரைக்கு வைனில், லாமினேற் போடுற விளம்பரம் வருது, அதில பிழை ஒண்டும் இல்லை, ஆனா ரொறொன்ரோவில ஸ்காபரோ, ஈஸ்ற் யோர்க் பக்கம் 1950களில கட்டின பங்களோ (மேல்மாடி இல்லாத வீடு) வாங்குற எங்கட சனம் முதல் வேலையா கார்ப்பெற்றுக்குக் கீழ கிடக்கிற நல்ல றெட் ஓக் மரத் தரைப்பலகையைக் கழட்டி எறியிறதைப் பாக்க வயிறு எரியுது. என்ர வீட்டுக்கு வந்த கொன்ராக்ரரும் "அக்கா இது பழசு, சரிவராது, மேலால வைனில் போட்டா வடிவா இருக்கும்" எண்டுதான் சொன்னவர். அவருக்கு அது கெதியா முடியிற வேலை, தூசியும் இல்லை, வேற என்ன.

பழைய பலகையைத் தேய்ச்சுப் புதுப் பூச்சு அடிச்சா திரும்ப வடிவா வரும், அதுக்கு முதல்ல பலகையின்ர தடிப்பைப் பாருங்கோ. சூட்டுக்காத்து வாற தரைக் கிறில்லைத் தூக்கினா பலகையின்ர விளிம்பு தெரியும். முக்கால் அங்குலம் இருந்தா பயப்பிடாம தேய்க்கலாம். மெல்லிசா, மேலால ஆணி அடிச்ச பலகை எண்டா பெரிய மெசின் வைக்காதேங்கோ, ஆணித்தலை வெளிய வந்து சாண்ட்பேப்பரையும் கிழிச்சிடும்.

ஆனா கனபேருக்கு அவ்வளவு தேய்க்கவே தேவையில்லை. தரையில ரெண்டு சொட்டுத் தண்ணி விட்டுப் பாருங்கோ, உருண்டு நிண்டா பழைய பூச்சு இன்னும் இருக்கு, ஊறிக் கறுத்தா பூச்சு போயிட்டுது. பூச்சு இருந்தா பஃபர் எண்ட தரை உரசுற மெசினில 120 நம்பர் ஸ்கிரீன் (வலை மாதிரிச் சாண்ட்பேப்பர்) போட்டு லேசா உரசி, தூசியைத் துடைச்சு, ஒரு கோட் பொலியூரிதேன் (மரத்துக்கு அடிக்கிற வார்னிஷ் மாதிரிப் பூச்சு) அடிச்சா காணும். பழைய மெழுகு இருந்தா மட்டும் புதுக் கோட் ஒட்டாது, மினரல் ஸ்பிரிற்றில (பெயின்ற் கரைக்கிற தின்னர்) நனைச்ச வெள்ளைத்துணியால துடைக்க மஞ்சளா ஏதும் வழுக்கிக்கொண்டு வந்தா அது மெழுகு.

முழுக்கத் தேய்க்கத்தான் வேணுமெண்டா ஹோம் டிப்போ மாதிரிக் கடையளில மெசின் நாள்வாடகைக்கு எடுக்கலாம். ட்ரம் சாண்டர் (சாண்ட்பேப்பர் சுத்தின உருளை உருண்டு தேய்க்கிற மெசின்) கெட்டிக்காரன்தான், ஆனா ஒரு இடத்தில நிண்டா கிடங்கு விழுத்திடும், அதால நடக்கத் தொடங்கின பிறகுதான் ட்ரம்மை இறக்கோணும், நிக்கமுதல் தூக்கோணும். புதுசா செய்யிற ஆக்கள் ஓர்பிற்றல் சாண்டரை (தட்டையா நிண்டு மெதுவாத் தேய்க்கிற மெசின்) எடுங்கோ, நேரம் கூட எடுக்கும், தரை தப்பும். சாண்ட்பேப்பர் நம்பர் 36, பிறகு 60, பிறகு 100 எண்டு கரடுமுரடில இருந்து மெல்லிசுக்குப் போகோணும், நடுவில ஒண்டை விட்டுப் பாய்ஞ்சா கீறல் பொலியூரிதேன் அடிச்ச பிறகுதான் பல்லைக் காட்டும். வின்ரரில பலகைக்கிடையில தெரியிற நீக்கலுக்கு ஃபில்லர் (இடைவெளி நிரப்புற பசை) அடைக்காதேங்கோ, ஃபேர்னஸ் சூட்டில மரம் காய்ஞ்சு சுருங்கினதுதான், சமரில தானாக் கூடிவரும்.

சாமியறைத் தரை எங்கட வீடுகளுக்கெண்டே ஒரு தனிப் பிரச்சினை. குத்துவிளக்கில இருந்து வழிஞ்ச நல்லெண்ணெய் ஓக்கின்ர துவாரத்துக்குள்ள ஊறிக் கிடக்கும், அந்த இடத்தில பொலியூரிதேன் வட்டம் வட்டமா விலகி நிக்கும், அதால தேய்க்க முன்னமே மினரல் ஸ்பிரிற்றால திரும்பத் திரும்பத் துடைச்சு எடுக்கோணும். எல்லாம் முடிஞ்ச பிறகு ஊரில சீமெந்து நிலம் கழுவுற மாதிரி வாளித்தண்ணி ஊத்தாதேங்கோ, பலகை விளிம்பு மேல கிளம்பிடும்.

ஒயில் பூச்சுத் துடைச்ச துணியைச் சுருட்டி மூலையில போடவே கூடாது, தானாச் சூடேறி நெருப்புப் பிடிக்கும், மூடியுள்ள தகர ரின்னில தண்ணி விட்டு அதுக்குள்ள போடுங்கோ.

இதையெல்லாம் விட முக்கியம் ஒண்டு. கார்ப்பெற்றுக்குக் கீழ ஒன்பது அங்குலச் சதுரத் தரை ஓடோ கறுத்தப் பசையோ கண்டா அதில அஸ்பெஸ்ரஸ் (தூசி நுரையீரலுக்குக் கேடான நார்) இருக்கலாம், 1960க்கு முந்தின வீட்டுப் பெயின்ற்றில ஈயம் இருக்கலாம், ரெண்டையும் லாப்பில குடுத்துப் பாக்காம தேய்க்கவோ சுரண்டவோ கூடாது, சின்னப் பிள்ளையள் உள்ள வீட்டில சொல்லவே தேவையில்லை. நீங்கள் போடுற வைனில் விளம்பரத்துக்குப் பக்கத்தில இந்த விசயத்தை ஒரு சின்னப் பெட்டியாப் போட்டா நல்லம், அதுக்காகத்தான் இந்தக் கடிதம்.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி, ஸ்காபரோ