ஒமேகாவும் பிராண்ட் குடும்பமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சுவிஸ் கைக்கடிகாரங்களின் விலையைப் பேசுமளவுக்கு, அவற்றை உருவாக்கிய குடும்பங்களை நாம் பேசுவதில்லை. 1848இல் லா ஷோ-த-ஃபோன் நகரில் லூயி பிராண்ட் தொடங்கிய, பின்னாளில் ஒமேகா நிறுவனமாக வளர்ந்த சிறு கடிகாரப் பட்டறையை, அவருடைய மகன்மாரான லூயி-போலும் சேஸாரும் 1880இல் பீல் நகருக்கு மாற்றிப் பெரும் தொழிற்சாலையாக்கினர். 1894இல் வெளிவந்த ‘ஒமேகா’ என்ற கடிகார உள்ளியந்திரத்தின் பெருமை, பழுதுபட்ட பாகத்துக்குப் பதிலாகப் புதியதை எந்தத் திருத்துநரும் அராவிச் சீர்ப்படுத்தாமலே பொருத்தலாம் என்பதே. திருகோணமலையில் பழைய மணிக்கூடுகளைத் திருத்துவோர் இதன் அருமையை நன்கறிவர். சகோதரர் இருவரும் 1903இல் மறைந்தபோது, பொறுப்பேற்ற நால்வரில் மூத்தவரான போல்-எமில் பிராண்டுக்கு 24 வயதும் நிரம்பவில்லை; அந்த இளமையிலும் நிறுவனம் தளராதது என்னை இன்றும் வியக்கவைக்கிறது. 1930இல் அது டிசோ (Tissot) என்ற மற்றொரு சுவிஸ் கடிகார நிறுவனத்துடன் இணைந்தது. இத்தகைய தொழில் வரலாறுகளைத் தங்கள் ஞாயிறு இதழில் தொடராக வெளியிடுமாறு அன்புடன் வேண்டுகிறேன்.

வாசகர்,
திருகோணமலை