ஃபாஸ்டேக்கை வாசிக்காத கருவிக்கு வண்டிக்காரர் ஏன் பணம் கட்ட வேண்டும்?

தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் தமிழ்நாட்டு அதிகாரிகளுக்கு,

வணக்கம். விழுப்புரத்தில் கார் அக்சஸரீஸ் கடை வைத்திருக்கிறேன். சீட் கவர், ஹாரன், டேஷ் கேமரா வேலைகளோடு, சுங்கக் கட்டணம் தானாகப் பிடிக்க உதவும் ஃபாஸ்டேக் ஒட்டிக் கொடுப்பதும் எங்கள் அன்றாட வேலை. பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, உளுந்தூர்பேட்டை என்று வரிசையாகச் சுங்கச்சாவடி தாண்டுகிறவர்கள்தான் என் வாடிக்கையாளர்கள். அவர்கள் கொண்டுவரும் குறைகளில் ஒன்று மட்டும் ஓயவே மாட்டேன் என்கிறது. அதற்காகத்தான் இந்த மடல்.

டேக் சரியாக இருக்கிறது, கணக்கில் பணமும் இருக்கிறது, ஆனால் சாவடிக் கருவி வாசிக்கவில்லை. அப்போது யார் பணம் கட்டுவது?

இதற்கு விதி இருக்கிறது. 2008ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைக் கட்டண விதிகளில் 2018 மே மாதம் செய்த திருத்தம் அது. செல்லுபடியாகும் டேக்கும் போதிய இருப்பும் இருந்து, சாவடியின் மின்னணு வசூல் கருவி பழுதானதால் கட்டணம் எடுக்க முடியாவிட்டால், அந்த வண்டியைக் கட்டணம் வாங்காமல் அனுப்ப வேண்டும். பூஜ்யக் கட்டண ரசீதும் கட்டாயம் கொடுக்க வேண்டும். நல்ல விதி. ஆனால் என் கடைக்கு வருகிறவர்களில் அந்த ரசீதைக் கையில் வாங்கிய ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. அப்படி ஒரு விதி இருப்பதே பெரும்பாலோருக்குத் தெரியாது.

நடப்பது வேறு. வண்டி போய் நிற்கிறது, தடுப்புக் கட்டை ஏறவில்லை. கொஞ்சம் பின்னால் எடுங்க, முன்னால வாங்க என்கிறார்கள். ஓட்டுநர் எடுக்கிறார், வருகிறார். அதற்குள் பின்னால் நிற்கிற பஸ் ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிடும். ஊழியர் கையடக்கக் கருவியை எடுத்து வந்தால் அதிர்ஷ்டம். பல நேரம் அதுவும் வராது. “ஸ்கேன் ஆகல சார், கேஷ் இல்லன்னா ஜிபே பண்ணுங்க” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். குடும்பத்தோடு வருகிறவர், பின்னால் இருபது வண்டி காத்திருக்க, அங்கே நின்று சட்டம் பேசுவாரா? கட்டிவிட்டுப் போகிறார்.

கட்டுவதும் அதே தொகை இல்லை. 2025 நவம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்த மாற்றம், டேக்கில் 100 ரூபாய் என்றால் யுபிஐ வழியாக 125, ரொக்கமாக 200 என்று வைத்தது. டேக் இல்லாமலோ, பணம் போடாமலோ வருகிறவர்களை வழிக்குக் கொண்டுவரச் செய்த ஏற்பாடு இது. அதில் எனக்கு மறுப்பில்லை. முன்பு எப்படிக் கட்டினாலும் இரட்டிப்பு என்றிருந்ததற்கு இது மேல். ஆனால் ஒழுங்காக டேக் ஒட்டி, முன்கூட்டியே பணம் போட்டு வைத்திருப்பவருக்கும் இதே கூடுதல் தொகை விழுவது அநியாயம்.

“டேக்கை நீங்கள்தான் சரியாக ஒட்டவில்லை” என்று சாவடியில் சொல்வார்கள். சில நேரம் அது உண்மைதான். ஒட்டுவதில் ஒரு முறை இருக்கிறது. கண்ணாடியின் உள்பக்கம், ரியர் வியூ மிரருக்குப் பின்னால், நடுவில் ஒட்ட வேண்டும். முதலில் உலர்ந்த துணியால் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் போகத் துடைக்க வேண்டும். வெப்பம் தடுக்க உலோகப் பூச்சு போட்ட கண்ணாடி சில கார்களில் வருகிறது. அதில் எங்கே ரேடியோ அலை உள்ளே போகுமோ அந்த இடம் பார்த்துத்தான் ஒட்டியாக வேண்டும். ஒட்டிய டேக்கைப் பிய்த்து இன்னோர் இடத்தில் ஒட்டினால் உள்ளே இருக்கும் மெல்லிய ஆன்டெனா கிழிந்துவிடும், பிறகு அது குப்பைக்குத்தான். ஒட்டாமல் கையில் வைத்துக் காட்டுகிறவர்கள் மீது 2025இல் நீங்கள் கடுமை காட்டியது சரியே. அவர்களால் மற்றவர்களுக்கும் தாமதம்.

ஆனால் குறை டேக்கிலா கருவியிலா என்று கண்டுபிடிப்பது அப்படி ஒன்றும் கடினமில்லை. டேக்குக்குள் பேட்டரி கிடையாது. லேனுக்கு மேலே இருக்கிற ஆன்டெனா அலை அனுப்பினால்தான் அது பதில் சொல்லும். சென்ற மாதம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கடைக்கு வந்தார். சென்னையிலிருந்து வரும் வழியில் ஒரு சாவடியில் டேக் வாசிக்கவில்லை, பணம் கட்டியிருக்கிறார், கெட்டுப்போய்விட்டது, புதிதாக வாங்க வேண்டும் என்றார். போனை வாங்கிப் பார்த்தேன். அதற்கு முந்தைய சாவடியில் பணம் பிடித்த குறுஞ்செய்தி இருந்தது. அடுத்த சாவடியிலும் பிடித்திருக்கிறது. நடுவில் இருந்த ஒன்றில் மட்டும் வாசிக்கவில்லை. இருப்பும் நிறைய இருந்தது. இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்? புது டேக் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். கட்டிய பணம் போனது போனதுதான். ஸ்கேன் ஆகாததற்கான காரணம் அவர் வாங்கிய ரசீதில் ஒரு வரிகூட இல்லை. டேக் கொடுத்த வங்கியைக் கேட்டால் சாவடியைக் கேளுங்கள் என்கிறார்கள், சாவடியில் வங்கியைக் கேளுங்கள் என்கிறார்கள்.

வண்டி வீட்டில் நிற்கும்போதே எங்கோ ஒரு சாவடியில் பணம் பிடித்ததாகச் செய்தி வருவதும் உண்டு. ஊழியர் வண்டி எண்ணைக் கையால் தட்டும்போது ஓர் எழுத்து மாறினால் போதும். அது தனியாக எழுத வேண்டிய விஷயம். கருவி ஒழுங்காக வாசித்தால் கையால் தட்டும் தேவையே குறையும் என்பதற்காக மட்டும் இங்கே சொல்கிறேன்.

நான் கேட்பது புதுச் சட்டம் இல்லை. டேக் வாசிக்காவிட்டால் கையடக்கக் கருவியால் கட்டாயம் ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள். அதில் வாசித்துவிட்டால் டேக் நல்ல டேக் என்று ஆகிவிட்டது. அதன் பிறகு ரொக்கமும் கேட்கக் கூடாது, யுபிஐயும் கேட்கக் கூடாது. அதிலும் வாசிக்காமல் பணம் வாங்க நேர்ந்தால், காரணத்தை ரசீதில் அச்சடித்துக் கொடுங்கள். இருப்பு இல்லையா, வங்கி முடக்கியிருக்கிறதா, கருவியே வாசிக்கவில்லையா என்று தெரிந்தால்தான் ஒருவர் வங்கியிடமோ உங்களிடமோ முறையிட முடியும்.

அப்புறம், அந்த 2018 விதியைத் தமிழில் எழுதிப் பலகையாக வையுங்கள். சாவடிக் கூண்டுக்குப் பக்கத்தில் வேண்டாம், அங்கே படிக்க நேரம் இருக்காது. வண்டிகள் வேகம் குறைத்து வரிசையில் சேரும் இடத்தில், கட்டணப் பட்டியலுக்கு அருகில் வையுங்கள். வாசகம் இப்படி இருக்கலாம்:

“உங்கள் ஃபாஸ்டேக் செல்லுபடியாக இருந்து, போதிய இருப்பும் இருந்து, இந்தச் சாவடியின் கருவிக் கோளாறால் கட்டணம் எடுக்க முடியாவிட்டால் நீங்கள் பணம் கட்ட வேண்டியதில்லை. பூஜ்யக் கட்டண ரசீதைக் கேட்டு வாங்குங்கள். மறுத்தால் 1033 உதவி எண்ணுக்கு அழையுங்கள்.”

தீபாவளி, பொங்கல் கூட்டத்துக்கு முன்பே இதைச் செய்ய முடியும். விக்கிரவாண்டியில் தொடங்கினால் முதல் வாரமே போய்ப் பார்த்து, வாடிக்கையாளர்கள் சொல்வதையும் சேர்த்து உங்களுக்கு எழுதுகிறேன்.

இப்படிக்கு,
விழுப்புரத்திலிருந்து ஒரு கார் அக்சஸரீஸ் கடைக்காரர்