தவறான அடுக்கில் வைத்த புத்தகம்

மதுரை,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் பேசினால் "சாப்பிட்டியாம்மா" என்பாய், நான் "ஆச்சு, நீ?" என்பேன், பேச்சு அதோடு முடிந்துவிடும். அதனால்தான் கடிதம்.

போன தீபாவளிக்கு வந்தபோது, நீ ஆணை நேசிக்கிறவன் என்ற விஷயத்தைச் சொல்லிவிட்டு, "இதைச் சொல்லத் தமிழ்ல ஒரு நல்ல வார்த்தைகூட இல்லம்மா" என்றாய். நான் வாயே திறக்கவில்லை. 28 வருஷம் நூலகத்தில் வேலை பார்த்தவளிடம் என் பிள்ளை இப்படிச் சொல்லிவிட்டானே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

பங்குனியில் ஒருநாள் எங்கள் பழைய கிளை நூலகத்துக்குப் போனேன். சமூகவியல் அடுக்கில், சாதி, வறுமை, மதுவிலக்குப் புத்தகங்களுக்கு நடுவில் ரேவதியின் 'வெள்ளை மொழி' இருந்தது. பதிவு எண் என் கையெழுத்தில் இருந்தது. கடைசிப் பக்கத்தில் ஒட்டிய தேதிச் சீட்டில் இரண்டே முத்திரை. அந்த இரண்டையும் குத்தியது நான்தான். யாருக்கு எடுத்துக் கொடுத்தேன் என்று எவ்வளவு யோசித்தும் முகம் ஞாபகம் வரவில்லை.

நாமக்கல் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, திருநங்கையாக வாழ்ந்த ஒருத்தர் தன் கதையைத் தானே எழுதியிருக்கிறார். அது தன்வரலாறு. உ.வே.சா.வின் 'என் சரித்திரம்' இருக்கும் வரிசையில் இருக்க வேண்டியது. அதைச் சமூகப் பிரச்சினை என்று நினைத்து அங்கே செருகியவள் நான். தமிழில் எழுதியது, வ. கீதாவின் மொழிபெயர்ப்பில் 2010இல் ஆங்கிலத்தில் முதலில் வந்து, மறு வருஷம்தான் தமிழில் புத்தகமானது. நம் வீட்டுப் பிள்ளையின் பேச்சை அடுத்த வீட்டார் கேட்ட பிறகு நாம் கேட்டிருக்கிறோம்.

இரண்டு ராத்திரியில் படித்து முடித்தேன். அடியும் அவமானமும் வாங்கிய வீட்டுக்கே அவர் திரும்பத் திரும்ப வருகிறார். எதற்கு வருகிறார் என்று முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. அப்பா அம்மா வேண்டும் என்றுதான் வருகிறார், தம்பி. அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, நீ படுக்கிற அறையில் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் தேடித் தேடிப் படித்தேன். லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான் வித்யா' 2007இல் வந்தது. மொழியியலில் எம்.ஏ. படித்த பிள்ளை, புனேயில் ரயிலில் கைநீட்டிப் பிழைத்ததை அப்படியே எழுதியிருக்கிறது. கன்னடத்தில் படமாக எடுத்து, நடித்தவருக்குத் தேசிய விருதும் கிடைத்தது. இங்கே எத்தனை பேர் புத்தகத்தைப் படித்தார்கள்? பிரியா பாபுவின் 'மூன்றாம் பாலின் முகம்' நாவல். சு. சமுத்திரத்தின் 'வாடாமல்லி' விகடனில் தொடராக வந்ததே, அதை நானே வாராவாரம் படித்திருக்கிறேன். சுயம்புவுக்காக அழுதும் இருக்கிறேன். ஆனால் அது யாரோ வீட்டுக் கதை என்றே இருந்துவிட்டேன். கி.ரா.வின் 'கோமதி' சிறுகதையைக் கல்லூரியில் படித்துச் சிரித்தோம். இப்போது படித்தால், அந்தச் சமையல்காரரின் ஆசையைப் பார்த்துத் தொண்டை அடைக்கிறது.

இவையெல்லாம் பெரும்பாலும் திருநங்கையர் வாழ்க்கை, உன் வாழ்க்கை வேறு என்று எனக்குத் தெரியும். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளவில்லை. ஆணை நேசிக்கிற ஆணைப் பற்றித் தமிழில் குறைவாகத்தான் கிடைத்தது. கிரீஷ் எழுதிய 'விடுபட்டவை' 2018இல் வந்தது, சின்னப் புத்தகம். முதலில் அதைப் படி. தன்பாலீர்ப்பு, ஆங்கிலத்தில் 'குயர்' என்கிறார்களே அதற்குப் பால்புதுமையர் என்ற வார்த்தைகள் எல்லாம் இப்போது எனக்குப் பழகிவிட்டன. மரியாதையாக எப்படிக் குறிப்பிட வேண்டும் என்று 2022இல் நம் அரசாங்கம் அரசிதழிலேயே சொற்பட்டியல் போட்டிருக்கிறது. வார்த்தை இருக்கிறது, தம்பி. நான்தான் உனக்கு எடுத்துக் கொடுக்கவில்லை.

இன்னொன்று. நீ ஹாஸ்டலில் இருந்து கொண்டுவந்த டிரங்குப் பெட்டியை ஒழிக்கும்போது ஷியாம் செல்வதுரையின் ஆங்கில நாவல் 'ஃபன்னி பாய்' கிடைத்தது. முன்பே பார்த்திருக்கிறேன். தலைப்பைப் பார்த்து ஏதோ வேடிக்கைக் கதை என்று நினைத்துவிட்டேன். மாடி வீட்டுப் பெண்ணை விட்டு வாசிக்கச் சொல்லி, தினமும் கொஞ்சமாகக் கதை கேட்டேன். கொழும்பில் ஒரு தமிழ்ப் பையன், அர்ஜி. பாட்டி வீட்டில் பெண் பிள்ளைகளோடு கல்யாண விளையாட்டு விளையாடுகிறான். அவன்தான் மணப்பெண். சேலை கட்டிய கோலத்திலேயே பெரியவர்கள் முன்னால் இழுத்துக்கொண்டு போய் நிறுத்துகிறார்கள். கடைசியில் 1983 கலவரத்தில் வீடே போய்விடுகிறது. நீ அட்டை போட்டு, துணிக்கு அடியில் வைத்திருந்தாய். யார் பார்த்துவிடுவார்கள் என்று பயந்தாய்? என்னைத்தானே?

நூலகத்தில் இப்போதிருக்கும் பெண்ணிடம் சொல்லி, 'வெள்ளை மொழி'யை வாழ்க்கை வரலாற்று அடுக்குக்கு மாற்றிவிட்டேன். புது எண்ணை நானே எழுதி ஒட்டினேன்.

'வெள்ளை மொழி'யும் 'நான் வித்யா'வும் 'விடுபட்டவை'யும் உனக்கு கொரியரில் வருகின்றன. நீ நேசிக்கிறவருக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது என்றாயே. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் பத்து பத்துப் பக்கமாக நீ வாசித்துக் காட்டு. அடுத்த மாசம் இரண்டு பேரும் வாருங்கள். அவருக்கு என்ன குழம்பு பிடிக்கும் என்று மட்டும் முன்னாலேயே சொல்லிவிடு.

அன்புடன்,
அம்மா